ட்ரோன் இயக்குபவர் கையில் ஏர்பேண்ட் ரேடியோ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சை, திருச்சிப் பக்கம் ட்ரோன் இயக்குபவர்கள் பெருகிவிட்டார்கள். விமானிகளின் பேச்சைக் கேட்பதற்காக இடுப்பில் ஏர்பேண்ட் ரேடியோவைச் செருகிக்கொண்டு வருபவர்களையும் இப்போது பார்க்கிறேன். எண்ணம் நல்லதுதான், கேட்கும் விதம்தான் சரியில்லை. பேட்டரி சார்ஜ் போடுவது போன்ற அரிச்சுவடிக்குள் நான் போகவில்லை.

சத்தம் இல்லாவிட்டால் வானம் காலி என்று நம்புவது

எத்தனை முறை சொன்னாலும் தீராத தவறு இது. பூதலூர்ப் பக்கம் ஒரு தம்பி சம்பா வயலைப் படமெடுக்க ட்ரோனை 90 மீட்டருக்கு ஏற்றியிருந்தார். ரேடியோ திருச்சி விமான நிலையக் கோபுரத்தின் அலைவரிசையில் இருந்தது. "ரொம்ப நேரமாக ஒருவரும் பேசவில்லை அண்ணா, பயமில்லை" என்றார். சற்று நேரத்தில் தென்னந்தோப்புக்கு மேலே ஹெலிகாப்டர் வந்தது. பதறிப்போய் ட்ரோனைச் சடாரென்று இறக்கினார். அது தென்னை மட்டையில் மோதி, கேமராவோடு வாய்க்காலில் விழுந்தது. அப்போதும் ரேடியோவில் ஒரு சொல் வரவில்லை.

ஏன் வரவில்லை? விமான ரேடியோ பயன்படுத்தும் விஹெச்எஃப் அலை நேர்க்கோட்டில் போவது. தரையில் நிற்கும் நமக்கும் தொலைவிலுள்ள கோபுரத்துக்கும் நடுவே தோப்பும் கட்டடமும் இருந்தால் கோபுரத்தின் குரல் வந்து சேராது. உயரத்தில் இருக்கும் விமானியின் குரல் மட்டும் வரும், அதுவும் அவர் பேசினால். விமானிகள் தேவைக்குத்தான் பேசுவார்கள். இறங்க வரும் பயணிகள் விமானம் நிமிடத்துக்கு 4 கிலோமீட்டருக்கு மேல் கடக்கிறது. மூன்று நிமிட மௌனத்துக்குள் அது எங்கிருந்து எங்கே வந்துவிடும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தஞ்சாவூரில் 2013 முதல் விமானப்படைத் தளம் இருக்கிறது. 2020இல் சுகோய்-30 படைப்பிரிவும் வந்துவிட்டது. ராணுவ விமானங்கள் யுஹெச்எஃப் என்ற வேறு அலைவரிசையிலும் பேசும். 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும் பிடிக்கும் கருவியில் அது கேட்கவே கேட்காது.

இன்னொன்றையும் யோசியுங்கள். 3 டிகிரி சரிவில் இறங்கும் பயணிகள் விமானம், ஓடுபாதைக்கு 8 கிலோமீட்டர் முன்னால் சுமார் 420 மீட்டர் உயரத்தில் இருக்கும். அனுமதியில்லாமல் ட்ரோன் போகக்கூடிய உச்ச உயரமே 120 மீட்டர்தான். அந்த உயரத்துக்கு இறங்கி வருவது பெரும்பாலும் ஹெலிகாப்டர். அது நீங்கள் வைத்திருக்கும் அலைவரிசையில் பேசும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அதனால் வானத்தைப் பார்ப்பதற்கென்றே ஓர் ஆளைப் பக்கத்தில் நிறுத்துங்கள். இயந்திரச் சத்தம் கேட்டதும் முதலில் ட்ரோனை நிதானமாக இறக்குங்கள். சத்தம் எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பிறகு பார்க்கலாம்.

ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடக்கும் திருகு) முழுக்கத் திருகிவிடுவது

இரைச்சல் அடங்கும் இடத்தோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் திருகினால் தொலைவிலுள்ள குரல்களும் அடைபட்டுப்போகும்.

எண்ணைக் கேட்டும் திசை தெரியாமல் நிற்பது

திருச்சி ஓடுபாதையின் எண்கள் 09, 27. "27" என்று கேட்டால் விமானம் மேற்கு நோக்கி இறங்குகிறது, அதாவது கிழக்கே துவாக்குடிப் பக்கத்திலிருந்து வருகிறது. "09" என்றால் நேர் எதிர். இறங்கும் விமானி அடிக்கணக்கில் சொல்லும் உயரம் கடல்மட்டத்திலிருந்து. உங்கள் திரையில் தெரிவது ட்ரோன் கிளம்பிய இடத்திலிருந்து. இரண்டையும் அப்படியே ஒப்பிடாதீர்கள்.

பேசும் பொத்தான்

தொடாதீர்கள். உரிமம் இல்லாமல் பேசுவது குற்றம். அந்த நேரத்தில் விமானியும் பேசினால் மற்றவர்களுக்குக் கேட்பது கீச்சொலிதான்.

இரண்டு காதிலும் இயர்போன்

ஒரு காது வெளியே இருக்கட்டும்.

ரேடியோவை அனுமதியாக எண்ணுவது

2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையிலான பகுதியில் 200 அடிக்கு மேல் பறக்கவிட விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். அதைவிட நெருங்கினால் கட்டுப்பாடு இன்னும் கடுமை. கிளம்பும் முன், எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள். போலீஸ் வந்து நிற்கும்போது "ரேடியோவில் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்" என்பது எடுபடாது.