மூளைத் தரவுகளைப் படிப்பதில் நேரும் தவறுகள்

வலிப்பு நோயாளியை அழைத்துக்கொண்டு களியக்காவிளை, மார்த்தாண்டம் பகுதிகளிலிருந்து திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவமனைக்குப் பேருந்து ஏறும் குடும்பங்கள், பழைய ரிப்போர்ட்டுகள் அடங்கிய பையோடு கைப்பேசியில் சேர்த்த உறக்க, மூளை அலை வரைபடங்களையும் இப்போது கொண்டுசெல்கின்றன. இவற்றுள் மருத்துவருக்கு உதவுவது எது என்று பிரித்தறியாமல், பளிச்சென்ற வரைபடத்தையே பெரிதாக நம்புவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

ஸ்மார்ட் வாட்ச் காட்டும் ‘ஆழ்ந்த உறக்கம்’ மணிக்கட்டின் அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்துச் செய்யப்படும் ஊகமே. மூளை அலையை அது அளப்பதில்லை. நெற்றியில் அணியும் மின்முனைப் பட்டைகள் அதை அளக்கின்றன என்பது உண்மை. ஆனால், ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனிதரிடம் முதன்முதலாகப் பதிவுசெய்த அந்த மின்னலைகள் மைக்ரோவோல்ட் அளவே உள்ளவை என்பதால், கண் இமைப்பதும் பல்லைக் கடிப்பதும்கூட அவற்றை மூழ்கடித்துவிடும். மருத்துவமனையில் தலை முழுவதும் இருபதுக்குக் குறையாத மின்முனைகளைப் பொருத்தி, பயிற்சி பெற்ற கண்கள் படிக்கும் இ.இ.ஜி. என்னும் மூளை மின்னலைப் பதிவோடு நாலைந்து முனைகளைக் கொண்ட பட்டையை ஒப்பிடக் கூடாது.

அந்த இ.இ.ஜி.யையும் தவறாகப் படிக்கிறோம். ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் வந்ததும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவது ஆபத்தானது. வழக்கமான பதிவு அரைமணி நேர அளவே நீடிக்கும். அந்நேரத்தில் மூளை அமைதியாக இருந்தது என்பதைத் தவிர, வலிப்பு நோய் இல்லை என்று அது சொல்வதில்லை. மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடரக்கூடும்.

மருத்துவர் உண்மையில் எதிர்பார்க்கும் தரவு மிக எளியது: வலிப்பு வந்தபோது எடுத்த வீடியோ. கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா, தலை எந்தப் பக்கம் திரும்பியது, எந்தக் கை முதலில் இழுத்தது, பெயர் சொல்லி அழைத்தால் பதில் வந்ததா, தெளிய எவ்வளவு நேரமானது என்பவை அதில் தெரிந்தால், உடன் வந்தவர்கள் நினைவிலிருந்து சொல்வதைவிட அது பயன்படும். ஒருவர் படமெடுக்க, மற்றொருவர் நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். தனியாக இருந்தால் வீடியோவை விட்டுவிடலாம். கையில் சாவியைத் திணிப்பதும் வாயில் எதையாவது வைப்பதும் வேண்டாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அந்த வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் தவறுதான். நோயாளி அதற்குச் சம்மதித்திருக்க மாட்டார். மூளைத் தரவைக் காக்க 2021இல் அரசியலமைப்பையே திருத்திய சிலி நாட்டின் அக்கறையில் சிறிதளவாவது நம் வீட்டிலும் இருக்கலாம்.

மூளை விளையாட்டுச் செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதுமை மறதியைத் தள்ளிப்போடும் என்ற விளம்பரத்துக்குப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்க வணிக ஆணையம் தொடுத்த வழக்கில், லுமாசிட்டி நிறுவனம் 2016இல் 20 லட்சம் டாலர் செலுத்த இசைந்தது.

நினைவாற்றல் சோதனையில் தமிழக, கேரள எல்லைப்புறத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பாறசாலைப் பக்கம் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளர்ந்த முதியவரிடம் ஆங்கிலச் செயலி ஒன்றைக் கொடுத்து, கிடைத்த மதிப்பெண்ணை மறதிநோயாகக் கொள்வது அநியாயம். மறதியைக் கண்டறியப் பரவலாகப் பயன்படும் மோகா (MoCA) சோதனையே 30 மதிப்பெண்ணில், பன்னிரண்டு ஆண்டு அல்லது அதற்குக் குறைவாகப் படித்தவருக்கு ஒன்றைக் கூட்டித் தருகிறது. எந்த மொழியில் அவர் மனக்கணக்குப் போடுகிறாரோ, அந்த மொழியில் சோதிக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் அவருடைய காதைப் பரிசோதிப்பது நல்லது. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் பட்டியலிட்ட, மாற்றத்தக்க 14 மறதிநோய்க் காரணிகளில் கேள்திறன் குறைவும் உயர் இரத்த அழுத்தமும் இருக்கின்றன. சொல்லிக்கொடுத்த ஐந்து சொற்களைத் தாத்தா திருப்பிச் சொல்லாதது மறந்ததனாலா, முதலிலேயே காதில் விழாததனாலா என்பதைச் செயலியால் கண்டுபிடிக்க இயலாது.