முட்டிக்கு அடியில் வைக்கும் தலையணை: மூட்டு மாற்று அறுவைக்குப் பின் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முழங்கால் மூட்டு மாற்று அறுவை முடிந்த மூன்றாம் நாள், எந்த வார்டுக்குப் போனாலும் ஒரே கேள்விதான் காதில் விழும்: "எவ்வளவு மடங்குது?" மகன் கேட்பார், அடுத்த கட்டில்காரர் கேட்பார், புதிதாகச் சேர்ந்த பிசியோவும் அதையே கேட்டு அட்டையில் எழுதுவார். "எவ்வளவு நீளுது?" என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. இது அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது. ஆர்த்தோ வார்டில் இப்போதுதான் கால் வைத்திருக்கும் பிசியோக்களுக்கும், அம்மாவையோ அப்பாவையோ வீட்டுக்கு அழைத்துப் போய்ப் பார்த்துக்கொள்ளப் போகும் பிள்ளைகளுக்கும்.

குளியலறையில் வழுக்கும், மாத்திரையைத் தவறவிடக் கூடாது, தையலை நனைக்கக் கூடாது என்பதெல்லாம் டிஸ்சார்ஜ் தாளிலேயே இருக்கிறது. அதை இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை.

முட்டிக்கு அடியில் தலையணை

அறுவை முடிந்த முட்டிக்குள் ரத்தமும் நீரும் சேர்ந்து கிடக்கும். மூட்டைச் சுற்றியிருக்கும் உறை ஒரு பை மாதிரி. முட்டி சுமார் 30 டிகிரி (கால் முழுக்க நேராக இருந்தால் 0) மடங்கியிருக்கும்போது அந்தப் பையில் இடம் அதிகம், அழுத்தம் குறைவு, அதனால் வலியும் குறைவு. நோயாளியின் உடம்பு தானாகவே அந்த நிலையைத் தேடும். "அடியில ஏதாவது வைம்மா, தாங்க முடியல" என்பார். மகள் தலையணையை எடுத்து முட்டிக்கு அடியில் செருகுவார். ஐந்து நிமிடத்தில் முகம் தெளியும். வலி குறைந்ததைப் பார்த்து எல்லோரும் இதுதான் சரி என்று நம்பிவிடுகிறார்கள். இத்தனை சொல்லியும் இந்தத் தலையணை திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு காரணம் நம்முடைய வாயிலேயே இருக்கிறது. வீக்கம் வடிய "காலைத் தூக்கி வையுங்கள்" என்கிறோம். "தலையணை வையுங்கள்" என்கிறோம். எங்கே வைப்பது என்று சொல்வதில்லை. கேட்பவர் எது வசதியோ அங்கே வைக்கிறார். சில கட்டில்களில் தலையணைகூடத் தேவையில்லை. கால்மாட்டில் இருக்கும் திருகைச் சுற்றினால் மெத்தையே முட்டிக்கு அடியில் எழும்பிவிடும். இரவுப் பணியில் இருப்பவர் இரக்கப்பட்டுச் சுற்றிவிட்டுப் போவார். காலைவரை அப்படியே இருக்கும்.

அந்த நேரத்தில் முட்டியின் பின்புறம் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் யாரும் அந்தத் திருகைத் தொடமாட்டார்கள். புண் ஆறும்போது உருவாகும் புதிய நார்கள், எந்த நீளத்தில் வைத்திருக்கிறோமோ அந்த நீளத்திலேயே இறுகும். முதல் இரண்டு வாரத்தில் கையால் மெதுவாக அழுத்தினாலே விட்டுக்கொடுக்கும் உறை, ஆறு வாரத்தில் தோல்வார் போல ஆகிவிடும். நம்மிடம் வரும் பலருக்கு அறுவைக்கு முன்பே முட்டி 10, 15 டிகிரி நீளாமல்தான் இருக்கும். பத்து வருடம் வலியைப் பொறுத்துக்கொண்டு, வளைந்த காலோடு நடந்துவிட்டுத்தான் வருகிறார்கள். அறுவை மேசையில் டாக்டர் தொடை எலும்பின் பின்புறம் முளைத்திருக்கும் எலும்பு முட்களைச் செதுக்கி, பின் உறையை எலும்பிலிருந்து பிரித்துவிட்டு, தேவைப்பட்டால் தொடை எலும்பின் கீழ்முனையில் கூடுதலாக ஓரிரு மில்லிமீட்டர் வெட்டி, காலை நேராக்கி அனுப்புகிறார். ஆனால் தொடையின் பின்பக்கத் தசைகள் வருடக்கணக்கில் சுருங்கிப் பழகியவை. அவை ஒரே நாளில் நீண்டுவிடாது. அந்தக் காலுக்குத்தான் நாம் தலையணை வைத்து, பழைய வளைவுக்கே திரும்பிப் போக வழிசெய்கிறோம். கோபம் வராமல் எப்படி இருக்கும்?

பெரும்பாலும் நடப்பது இப்படித்தான். நான்காம் நாள் வீட்டுக்குப் போகும்போது கால் நேராக இருக்கிறது. 80 டிகிரி மடங்குகிறது. வீட்டில் தலையணை. தையல் பிரிக்க வரும்போது 100 டிகிரி மடங்குகிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம். கட்டிலில் படுக்கவைத்து முட்டிக்கு அடியில் கைவிட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஆறாம் வாரம் 110 மடங்குகிறது. ஆனால் நேராக 15 டிகிரி குறைகிறது. அந்த அம்மா நொண்டுகிறார். "கொஞ்ச நாள்ல சரியாயிடும்" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

சரியாவதில்லை. முட்டி நேராக இருக்கும்போது உடம்பின் எடை முட்டிக்குச் சற்று முன்னால் இறங்கும். நிற்கும்போது தொடைத் தசை ஓய்வெடுக்கும். 15 டிகிரி வளைந்திருந்தால் அந்தத் தசைக்கு ஓய்வே கிடையாது. ரேஷன் வரிசையில் பத்து நிமிடம் நிற்பது அரை உட்காரல் நிலையில் பத்து நிமிடம் நிற்பதற்குச் சமம். முட்டிச்சில்லு அழுந்தி முன்பக்கம் வலிக்கும். கால் குட்டையானது போல ஆகி, இடுப்பும் மறு முட்டியும் சேர்ந்து வளையும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் உள்ளே வைத்த மூட்டில் குறை ஒன்றும் இருக்காது. செயற்கை முழங்கால் மூட்டுகளில் சுமார் 82 சதவீதம் 25 வருடம் தாங்குகின்றன என்று 2019-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. அதே சமயம், இந்த அறுவை செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் முழுத் திருப்தி இல்லை என்றே சொல்கிறார்கள். அதற்குக் காரணங்கள் பல. எல்லாம் நம் கையில் இல்லை. இந்த ஒன்று முழுக்க நம் கையில் இருக்கிறது.

மடக்கம் குறைந்தால் வழி உண்டு. ஒரு வருடம்வரைகூட மெல்லக் கூடும். மிகவும் இறுகிவிட்டால் 12 வாரத்துக்குள் மயக்கம் கொடுத்து டாக்டர் கையால் மடக்கிவிடலாம். நீட்டம் குறைந்தால் அந்த முறையில் கிடைக்கும் பலன் மிகவும் கொஞ்சம்.

செய்ய வேண்டியது சுலபம். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டியின் பின்புறமும் கெண்டைக்காலும் மெத்தையைத் தொடாத உயரம் வேண்டும்; பொதுவாக 10 சென்டிமீட்டர் போதும். கால்விரல்கள் கூரையைப் பார்க்கட்டும். கால் வெளிப்பக்கம் சாய்ந்தால் முட்டி சத்தமில்லாமல் மடங்கிக்கொள்ளும். பாதத்தின் வெளிப்பக்கம் மடித்த துணி ஒன்றை அண்டை கொடுங்கள். முதலில் 5 நிமிடம், பிறகு 10, 15 என்று ஏற்றி, நாளுக்கு நான்கைந்து முறை. அந்த நிலையிலேயே முட்டியைக் கீழ்நோக்கி அழுத்தி 5 விநாடி பிடித்து, 10 தடவை. வலி மாத்திரையை அரை மணி, முக்கால் மணி நேரத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். பயிற்சி முடிந்த பிறகு கொடுத்துப் பயனில்லை. வீக்கத்துக்காகத் தூக்கி வைப்பதென்றால், தலையணைகளை நீளவாக்கில் கெண்டைக்காலிலிருந்து குதிகால்வரை அடுக்கி, குதிகால் நெஞ்சைவிட உயரமாக இருக்கும்படி வையுங்கள். தூங்கும்போது ஒருக்களித்துப் படுத்தால் முட்டி மடங்கத்தான் செய்யும், அதைத் தடுக்க முடியாது. அதனால் படுக்கப் போகும் முன் கடைசி வேலையும், எழுந்ததும் முதல் வேலையும் இந்தத் துண்டுச் சுருளாக இருக்கட்டும்.

புதியவர்கள் கவனிக்காமல் விடுவது இன்னொன்று: மறு கால். அறுவை செய்யாத முட்டி வளைந்தே இருந்தால், நிற்கும்போது அந்தக் கால் குட்டை. இரண்டையும் சமமாக்க, நேராக்கிய காலை நோயாளி தானாகவே மடித்து நிற்பார். அப்போது நம் பயிற்சி முழுவதும் வீண். மறு காலுக்குச் செருப்பில் உயரம் கூட்டுவதா, அதற்கும் அறுவை எப்போது என்பதை டாக்டரிடம் பேசுங்கள்.

நீளவே நீளாததும், தானாக நீட்ட முடியாததும்

அட்டையில் "10 டிகிரி குறைவு" என்று எழுதிவிட்டு, எந்தக் குறைவு என்று எழுதாமல் விடுவார்கள். இரண்டும் வேறு நோய், வேறு வைத்தியம்.

குதிகால் சுருளில் வைத்து நீங்கள் கையால் மெதுவாக அழுத்தினால் முட்டி நேராகிறதா? ஆகவில்லை என்றால் உறையும் தசையும் சுருங்கியிருக்கின்றன. மேலே சொன்ன நீட்டும் வேலை வேண்டும். கையால் நேராகிறது, ஆனால் காலைத் தூக்கச் சொன்னால் முட்டி தொங்குகிறது என்றால் தொடைத் தசைக்கு வலு வரவில்லை. அங்கே இழுத்து நீட்டிப் பயனில்லை. தசைக்குத்தான் வேலை கொடுக்க வேண்டும். முட்டிக்குள் 20, 30 மில்லி நீர் சேர்ந்தாலே தொடைத் தசையின் உள்பக்கப் பகுதி அடங்கிப்போகும். ஆகவே முதல் வாரத்தில் இந்தத் தொய்வு சகஜம், வீக்கம் வடிய வடியக் குறையும். நன்றாகக் காலைத் தூக்கிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று முடியாமல் போனால், அல்லது விழுந்த பிறகு முடியாமல் போனால், பயிற்சியை அத்தோடு நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். சில்லுக்கு மேலேயோ கீழேயோ தசைநாண் அறுந்திருக்கலாம்.

கண்ணளவு

வேண்டாம். மூட்டின் கோணத்தை அளக்கும் இரு கரக் கருவியான கோனியோமீட்டரை எடுங்கள். நடுப்புள்ளி முட்டியின் வெளிப்பக்க எலும்பு மேட்டில், ஒரு கரம் இடுப்பின் வெளிப்பக்க எலும்பை நோக்கி, மறு கரம் வெளிக்கணுக்காலை நோக்கி. பருத்த கட்டின் மேல் அளந்ததை நம்ப முடியாது. நேற்றைக்கும் இன்றைக்கும் 5 டிகிரிக்குள் வித்தியாசம் என்றால் அதை முன்னேற்றம் என்று எழுதாதீர்கள்; அளக்கும் கைக்கே அவ்வளவு பிழை உண்டு. கழித்தல் குறி போடாதீர்கள்: ஒருவர் "-10" என்று எழுதுவது நீளாததை, இன்னொருவர் அதையே பின்னோக்கி வளைவதாகப் படிப்பார். "10 முதல் 95 வரை" என்று எழுதினால் குழப்பமில்லை.

எண்ணெய் போட்டு உருவுவது

கூடாது. கெண்டைக்கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருந்தால், உருவும் கை அதை நுரையீரலுக்கு அனுப்பிவிடக்கூடும்.

கைத்தடி

நல்ல கால் பக்கத்துக் கையில். உயரம் மணிக்கட்டு மடிப்புவரை.

கசியும் காயத்துக்கு மருந்துக்கடை மாத்திரை

ஒரு வாரம் கழிந்தும் கட்டு நனைகிறது, ஓரம் சிவக்கிறது. ஆஸ்பத்திரி தூரம், அதனால் தெருமுனைக் கடையில் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக். சிவப்பு குறைகிறது, எல்லோரும் நிம்மதி அடைகிறார்கள். உள்ளே உலோகத்தின் மேலும் பிளாஸ்டிக்கின் மேலும் கிருமிகள் ஒரு படலமாகப் படிந்துகொண்டிருக்கும். மாத்திரை அதற்குள் நுழையாது. பிறகு டாக்டர் மூட்டு நீரை எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பினால் ஒன்றும் வளராது, ஏனென்றால் அரைகுறை மருந்து அதை மறைத்துவிட்டது. எந்தக் கிருமி, எந்த மருந்து என்று தெரியாமல் போகிறது.

இதைவிடப் பெரிய இழப்பு நாட்கள்தான். தொற்று தொடங்கிய முதல் மூன்று நான்கு வாரத்துக்குள் பிடித்தால், மூட்டைத் திறந்து கழுவி, நடுவிலுள்ள பிளாஸ்டிக் துண்டை மட்டும் மாற்றி, வைத்த மூட்டைக் காப்பாற்றும் வாய்ப்பு உண்டு. அது கடந்தால் மூட்டையே கழற்ற வேண்டி வரலாம்: மருந்து கலந்த சிமெண்ட் கட்டியை வைத்து, வாரக்கணக்கில் காத்திருந்து, மறுபடி ஒரு பெரிய அறுவை. கசிவு என்றால் அறுவை செய்த டாக்டருக்கு அன்றைக்கே தெரிய வேண்டும். அவர் பார்க்கும் முன் ஒரு மாத்திரைகூட வேண்டாம்.

ஐஸ்

துணி சுற்றி, 15 நிமிடம். தழும்புக்கு வெளிப்பக்கத் தோல் மரத்திருக்கும். அங்கே குளிர் புண்ணாக்கினாலும் நோயாளிக்குத் தெரியாது.

கட்டைவிரலைப் பார்க்காமல் போவது

காலையில் முதல் வேலை, கால் கட்டைவிரலையும் பாதத்தையும் மேலே தூக்கச் சொல்வது. முட்டிக்கு வெளியே, சற்றுக் கீழே, எலும்பை ஒட்டித் தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு சுற்றிப் போகிறது. மேலே சுற்றும் மீள்துணிக் கட்டு (கிரேப்) இறுகினாலும் அது அமுங்கும். நீண்ட நாள் உள்பக்கம் சாய்ந்து வளைந்திருந்த முட்டியை நேராக்கினாலும் அது இழுபடும். பாதம் தூக்க வரவில்லை என்றால் உடனே கட்டைத் தளர்த்தி, முட்டியைச் சற்று மடக்கி வைத்து, டாக்டரை அழையுங்கள். முட்டிக்கு அடியில் தலையணை வைப்பது நியாயமாகும் தருணம் இது ஒன்றுதான். அதுவும் எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்ல வேண்டும்.

90 என்ற மந்திரம்

90 டிகிரி மடங்கிவிட்டால் போதும் என்பார்கள். அது எந்த வேலைக்கு என்பதைப் பொறுத்தது. நடக்க 65 டிகிரி மடக்கம் போதும். படி ஏற இறங்க 85 முதல் 100. கைப்பிடி இல்லாத நாற்காலியிலிருந்து எழ 95, 105. சம்மணம், குந்தி உட்காரும் கழிப்பறை என்றால் 120-க்கு மேல். அறுவைக்குப் பின் எவ்வளவு மடங்கும் என்பதை எல்லாவற்றையும்விட அதிகமாகத் தீர்மானிப்பது, அறுவைக்கு முன் எவ்வளவு மடங்கியது என்பதுதான். முன்பே 80 மட்டும் மடங்கியவருக்கு "தரையில உக்காரலாம்மா" என்று ஆசை காட்டாதீர்கள். பிறகு 100 வந்தாலும் அவருக்கு அது தோல்வியாகவே தெரியும். அறுவைக்கு முன்பே எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு மடங்குகிறது என்ற இரண்டு எண்களையும் அளந்து அட்டையின் முதல் வரியில் எழுதிவையுங்கள்.

வீட்டில் கோனியோமீட்டர் இருக்காது. அதற்குப் பதில் ஒரு வழி: கடினமான கட்டிலில் இரு கால்களையும் நீட்டிப் படுக்கச் சொல்லுங்கள். தொடையைத் தளரவிடச் சொல்லி, முட்டிக்கு அடியில் உங்கள் உள்ளங்கையைச் செருகுங்கள். நல்ல காலில் எவ்வளவு இடம், அறுவை செய்த காலில் எவ்வளவு இடம் என்று பாருங்கள். வாரம் ஒருமுறை, ஒரே ஆள், ஒரே கட்டில். இடம் கூடிக்கொண்டே போனால் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் முன்னதாகவே அழைத்துக்கொண்டு போங்கள்.