கணக்கும் கோலமும் ஒரே நோட்டில்: வீட்டு ஜர்னல் போடுவது எப்படி?

இணையத்தில் ஜர்னல் என்று தேடினால் பூப்பூவாய்ப் பக்கங்கள் வந்து கொட்டும். பார்க்க அழகுதான். ஆனால் கேஸ் தோம்பு (சிலிண்டர்) மாற்றிய தேதியோ தெனாகா மின்சார பில்லோ அதில் இருக்காது. இன்னொரு பக்கம், வீட்டுக்கு வீடு ஒரு கணக்கு நோட்டு இருக்கும், மார்ச் மாதத்தோடு நின்றுபோயிருக்கும். இரண்டையும் ஒரே நோட்டில் போட்டால்தான் இரண்டும் நிலைக்கும் என்பது என் கட்சி. படம் போட நோட்டைத் திறக்கிற கை, அப்படியே எதிர்ப்பக்கத்தில் மீன் வாங்கிய காசையும் எழுதிவிடும். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இப்படித்தான் ஓடுகிறது. நோட்டு மேசையில் இருக்க வேண்டும். அலமாரிக்குள் போனால் அதோடு சரி.

நோட்டும் பேனாவும்

ஏ5 அளவு, புள்ளி போட்ட தாள் வாங்குங்கள். புள்ளிக்குப் புள்ளி 5 மில்லிமீட்டர் இருக்கும். தாள் 100 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறையக் கூடாது, 80 என்றால் கலர் பேனா பின்பக்கம் தெரியும். நீர்வண்ணத்துக்கு 100-ம் போதாது. அதை 300 ஜிஎஸ்எம் தாளில் தனியாகத் தீட்டி, காய்ந்த பிறகு ஒட்டிக்கொள்ளலாம்.

பேனா விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. கணக்குக்குச் சாதாரண பால்பாயிண்ட்தான். ஜெல் பேனா நம் ஈரக் காற்றில் சீக்கிரம் காயாது, கை பட்டால் இழுகும். பிரஷ் பேனா செட்டெல்லாம் தொடக்கத்தில் வேண்டவே வேண்டாம். அந்தக் காசுக்கு இன்னொரு நோட்டு வாங்கலாம்.

மாதத்தைச் சம்பளத்தில் தொடங்குங்கள்

கடையில் விற்கும் பிளானர் எல்லாம் 1-ஆம் தேதியில் தொடங்கும். தோட்டத்து வீட்டுக்கு 1-ஆம் தேதியில் என்ன இருக்கிறது? மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அதனால் முதல் வாரம் போன மாதக் காசின் கடைசிச் சொச்சத்தில்தான் ஓடும். அந்த வாரத்தைப் புது மாதத்தில் எழுதினால் கணக்கு எப்போதும் உதைக்கும். நாங்கள் 7-ஆம் தேதி தொடங்கி அடுத்த 6-ஆம் தேதி முடிக்கிறோம்.

வலப்பக்கத்தில் தேதி, விவரம், வரவு, செலவு என்று நான்கு பத்தி. இருப்புக்குப் பத்தி வேண்டாம். கையிருப்பு கரைவதைத் தினமும் பார்த்தால் நோட்டைத் திறக்கவே மனசு வராது. ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை கூட்டினால் போதும்.

செய்ய வேண்டியவற்றுக்கு, ரைடர் கேரல் என்ற வடிவமைப்பாளர் 2013-இல் வெளியிட்ட புல்லட் ஜர்னல் முறையிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். வேலைக்குப் புள்ளி, நிகழ்ச்சிக்கு வட்டம், குறிப்புக்குச் சிறு கோடு. முடிந்த வேலையின் புள்ளிமேல் பெருக்கல் குறி. அவர் முறையில் இன்னும் சில குறிகள் உண்டு, வீட்டுக்கு இது போதும்.

கோலக் காலண்டர்

இடப்பக்கம் கோலத்துக்கு. ஏழு புள்ளி, நான்கில் நிறுத்தல், ஊடுபுள்ளி (ஒரு வரிசைப் புள்ளி அடுத்த வரிசையின் இரண்டு புள்ளிக்கு நடுவில் வரும்). எண்ணினால் 4, 5, 6, 7, 6, 5, 4, மொத்தம் 37. ஆறு மூலைப் புள்ளிகளிலும் முதலில் பூ வரைந்துவிடுங்கள். மிச்சம் சரியாக 31. ஒரு மாதம் அச்சடித்தாற்போல உட்காரும்!

ஒரு கோலத்துக்கு ஒரே ஒரு விஷயம்தான். எங்கள் வீட்டில் அது அம்மாவின் பிரஷர் மாத்திரை. மேலிருந்து வரிசை வரிசையாக, மாத்திரை போட்ட நாளுக்குச் சிவப்புப் புள்ளி, விட்ட நாளுக்கு வெறும் வட்டம். இப்போது அம்மாவே ராத்திரி, "இன்னைக்குப் புள்ளி வெச்சியாடி?" என்று கேட்கிறார். மாதக் கடைசியில் புள்ளிகளைச் சுற்றிச் சிக்குக் கோலத்தை இழுத்து முடித்தால், எந்த வாரம் ஓட்டையாய் இருந்தது என்று ஒரே பார்வையில் தெரியும். கிளினிக்குக்குப் போகும்போது நோட்டையே எடுத்துப் போகலாம்.

ஒட்டும் வேலை (நிதானமாகப் படியுங்கள்)

முக்கால்வாசி நோட்டுகள் பாழாவது இங்கேதான். வெள்ளைப் பசையில் தண்ணீர் அதிகம். தாள் ஈரம் குடித்து ஊதி, காயும்போது அலையலையாய்ச் சுருங்கும். காய்வதற்குள் மூடினால் பூஞ்சை பிடிக்கும். காற்றாடி ஒட்டிய பழக்கத்தில் சோற்றுப் பசையைத் தொடாதீர்கள், கரப்பானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் அது விருந்து. குச்சிப் பசைதான் சரி. அதையும் ஓரத்தில் மட்டும் தடவி, கேக் சுடும்போது போடும் பேக்கிங் பேப்பர் ஒன்றை நடுவில் வைத்து, ராத்திரி முழுக்கக் கனமான புத்தகத்தின் அடியில் வையுங்கள்.

ஒட்ட ஒட்ட நோட்டு வாய் பிளக்கும். அதற்கு, ஒட்டும் பக்கங்களுக்கு இடையே ஆங்காங்கே ஒரு தாளை வெட்டி எடுத்துவிட வேண்டும். அடியோடு வெட்டக் கூடாது. தையலிலிருந்து ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். இல்லாவிட்டால் அதன் ஜோடித் தாளும் கழன்று வரும்.

கடை ரசீதை ஒட்டவே ஒட்டாதீர்கள். அது சூட்டில் எழுத்து விழும் தாள். அதே சூட்டில் கறுத்துப்போகும், நாள்பட வெளிறியும் போகும். தொகையை எழுதிக்கொண்டு தூக்கிப் போடுங்கள். உத்தரவாதம் உள்ள பொருளென்றால் நகல் எடுத்து ஒட்டுங்கள்.

பால்மர (ரப்பர் மர) இலை ஒட்ட ஆசையா? பிப்ரவரி, மார்ச்சில் மரம் இலை உதிர்க்கும்போது பொறுக்கலாம். மூன்று சிற்றிலையும் சேர்ந்திருப்பதாகப் பாருங்கள். பழைய செய்தித்தாளுக்குள் அழுத்தி, தாளை மாற்றி மாற்றி ஒரு வாரம் வைத்த பிறகே நோட்டுக்குள் வர வேண்டும். அவசரமென்றால் நரம்புள்ள அடிப்பக்கம் மேலே இருக்கும்படி இலையைத் தாளுக்கு அடியில் வைத்து, கிரேயானைப் படுக்க வைத்துத் தேயுங்கள். நரம்பு நரம்பாய் எழும்பி வரும். எனக்கு ஒட்டுவதைவிட இதுதான் பிடிக்கும்.

அட்டைக்குப் பழைய நாள்காட்டிப் படம் அருமையாக இருக்கும். சாமி படத்தில் மட்டும் கத்தரி வைக்காதீர்கள், வீட்டுப் பெரியவர்களிடம் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

பிற்சேர்க்கை

சதுரமாய் இருக்கிற புள்ளியில் ஊடுபுள்ளி எப்படி வரும் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நடு வரிசையில் தொடங்குங்கள். ஒரு புள்ளி விட்டு ஒரு புள்ளியாக ஏழு எடுங்கள். அடுத்த வரிசைக்கு இரண்டு வரி தள்ளிப் போய், ஒரு புள்ளி உள்ளே நகர்ந்து ஆறு. மேலும் கீழும் அப்படியே. 30 நாள் மாதத்துக்கு நட்டநடுப் புள்ளியையும் 28 நாள் பிப்ரவரிக்கு நடுவில் மூன்றையும் பூவாக்கிவிடுங்கள்.

மழைக்காலத்தில் நோட்டு மக்கு வாடை அடிக்கிறது என்று இன்னொருவர். வெயிலில் போடாதீர்கள், தாள் வளையும், வண்ணம் வெளுக்கும். விசிறிக் காற்றில் பக்கங்களை விரித்து நிறுத்தி வையுங்கள். பூஞ்சை தெரிந்தால் வெளியே கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடையுங்கள். பிறகு சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பைகளோடு பிஸ்கட் டின்னில் போட்டு மூடலாம். பையை அவ்வப்போது மாற்றுங்கள். ஈரம் குடித்து முடித்த பை டின்னுக்குள் கிடந்தும் பயனில்லை.