நாட்டு இயக்குநர் நாற்காலிக்குக் கடலூரிலிருந்து ஒரு வழி

பன்னாட்டு நிவாரண, வளர்ச்சி நிறுவனங்களில், ஒரு நாட்டில் நடக்கும் பணிகள் அனைத்துக்கும் பொறுப்பேற்கும் நாட்டு இயக்குநர் போன்ற தலைமைப் பொறுப்பை எட்ட விரும்பும் இளைஞர்கள் முதலில் கேட்பது, எந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கலாம் என்பதைத்தான். அந்தக் கேள்வியை இரண்டு மூன்று ஆண்டுகள் தள்ளி வையுங்கள். 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் என அடுத்தடுத்து அடிபட்ட கடலூர் மாவட்டத்திலேயே ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராகச் சேர்ந்து, முதலில் பயனாளிப் பட்டியல் எடுக்கப் பழகுங்கள்.

பட்டியல்தானே என்று எண்ண வேண்டாம். மீனவக் கிராமங்கள் பலவற்றில் ஊர்ப் பஞ்சாயத்துக் கணக்கு, வரி கட்டும் ஆண்களை வைத்தே எழுதப்படுவதால், கணவரை இழந்து மீன்கூடை சுமந்து பிழைக்கும் பெண்ணின் பெயர் அதில் விடுபட்டுப் போகக்கூடும். பஞ்சாயத்தார் தரும் பட்டியலை மரியாதையோடு பெற்றுக்கொண்டு, மாலையில் தெருத்தெருவாக நடந்து அடுப்புகளை எண்ணி, விடுபட்டவர்களை அந்தப் பெரியவர்கள் வாயாலேயே, அவர்கள் முகம் கோணாதபடி சேர்க்க வைப்பவருக்குத் தலைமைப் பண்பில் பாதி கைவந்துவிட்டது என்பேன்.

அடுத்து, உலகெங்கும் நிவாரணப் பணியாளர்கள் கையாளும் ஸ்பியர் கையேட்டைப் படியுங்கள். ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை, தங்குமிடத்தில் ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் இடம் என அது வகுக்கிறது. அளவு நாடாவோடு உங்கள் ஊர்ப் புயல் பாதுகாப்பு மையத்துக்குள் ஒருமுறை போய் வந்தால் அந்த எண்களுக்குப் பொருள் விளங்கும்.

நல்ல களப்பணியாளர் பலர் மேலே போக முடியாமல் நிற்பது கணக்கு விவகாரத்தில்தான். தார்ப்பாய் வழங்கிய கையொப்பப் பதிவேட்டின் இரண்டு பக்கங்கள் மழையில் ஊறிப்போனதால், தணிக்கைக்காக நான் மூன்று நாள் வீடு வீடாக மறுபடி அலைந்தேன்; அன்றிலிருந்து எந்தப் பதிவேட்டையும் படமெடுக்காமல் மூடுவதில்லை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தையும் கரைத்துக் குடிக்க வேண்டும். 2020 திருத்தம் வெளிநாட்டு நிதியிலிருந்து செய்யும் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்ததோடு, பெற்ற வெளிநாட்டு நிதியை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றித் தருவதையும் தடுத்துவிட்டது.

புதுச்சேரிக்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு வாய்ப்பு உண்டு. சாட், நைஜர், காங்கோ போன்ற நாடுகளில் பணியாற்றப் பிரெஞ்சு பெரிதும் கைகொடுக்கும். நம் வீட்டு வாசலிலேயே கற்கக் கிடைக்கும் மொழியை விட்டுவிட்டு ஜெனீவா போய்த் தேடுவானேன்? ஓரளவு பேசத் தெரிந்ததும் ஐ.நா. தன்னார்வலர் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். முதுகலைப் படிப்பை அதன்பின் வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யூஎஸ்எய்ட் 2025 ஜூலையில் மூடப்பட்ட பிறகு, ஒரே கொடையாளரை நம்பியிருக்கும் பதவிகளில் சேருமுன் நிதி எங்கிருந்து, எத்தனை மாதத்துக்கு வருகிறது என்று நேர்முகத்திலேயே கேட்பது தவறாகாது. விண்ணப்பத்தில் ‘தலைமை தாங்கினேன்’ என்று மட்டும் எழுதாமல், உங்களுக்குக் கீழே எத்தனை பேர் பணியாற்றினர், எவ்வளவு தொகைக்குக் கையெழுத்திட்டீர்கள், தணிக்கையில் என்ன ஆட்சேபம் வந்தது, அதை எப்படித் தீர்த்தீர்கள் என்பதை எழுதுங்கள்.