உடலைக் கவனித்து உறக்கத்தை மீட்ட அனுபவம்

இரவில் படுத்ததும் மறுநாள் வேலைகளும் முடிந்துபோன பேச்சுகளும் மாறி மாறி மனத்தில் ஓடி உறக்கத்தைக் கெடுத்துவந்த நிலையிலிருந்து என்னை மீட்டது, 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய மன அழுத்தத் தணிப்புத் திட்டத்தில் இடம்பெறும் உடல் கவனிப்புப் பயிற்சியாகும். மல்லாந்து படுத்து, இடது கால் விரல்களில் தொடங்கி, பாதம், கணுக்கால், முழங்கால் எனக் கவனத்தை மெல்ல மேலே நகர்த்த வேண்டும். அங்கே உணரும் சூட்டையோ குறுகுறுப்பையோ துணியின் உரசலையோ மாற்ற முயலாமல் அறிந்துகொண்டால் போதும். முழங்காலை எட்டுவதற்குள் மனம் அலுவலகத்துக்குப் போய்விடும். அதை அதட்டாமல், 'யோசனை' என்று உள்ளுக்குள் குறித்துக்கொண்டு விட்ட இடத்திற்கே திரும்புவதுதான் இப்பயிற்சியின் உயிர்நாடி என்பது என் உறுதியான கருத்து. எண்ணமே எழாத நிலையைத் தேடுபவர்கள் விரைவில் சோர்ந்துவிடுகிறார்கள். பகலில் பாத்திரம் துலக்கும்போதும் இதையே செய்கிறேன்: விரல்களில் வழியும் நீரின் குளிர்ச்சி, தேய்க்கும் தூளின் நறநறப்பு, தட்டின் விளிம்பு. இப்போது பெரும்பாலான இரவுகளில் நன்றாக உறங்குகிறேன். உடலை உற்றுக் கவனிக்கையில் சிலருக்குப் பதற்றம் கூடுவதுண்டு என்பதால், பழைய அதிர்ச்சிகளால் வருந்துவோர் மனநல மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.