பேக்கேஜுக்குள் தொலைந்துபோகும் கேப்பபிலிட்டி

நெட்வொர்க் பாக்கெட்டுகளைப் பிடிக்க உதவும் லிப்பிகேப் (libpcap) நூலகத்தின் மேல் எழுதப்பட்ட ஒரு டிராஃபிக் கேப்சர் கருவிக்கு, டெபியன் லினக்ஸில் நிறுவுவதற்கான பேக்கேஜ் (டெப் கோப்பு) தயாரித்தேன். பில்ட் பாதியிலேயே நின்றது. பில்ட் படிகளைச் சொல்லும் மேக்ஃபைலின் இன்ஸ்டால் பகுதியில், ரூட்டின் (நிர்வாகியின்) அதிகாரத்தில் ஒரு பகுதியை மட்டும், அதாவது கேப்பபிலிட்டியை, ஒரு நிரல் கோப்புக்குத் தரும் செட்கேப் கட்டளை இருந்தது. ரூட் உரிமை இல்லாமல் பில்ட் செய்யும்போது அது ஓடாது. அந்த வரியை நீக்கி, மூலநிரல் மாற்றங்களைத் தனிக் கோப்பாக வைக்கும் க்வில்ட் கருவி மூலம் சிறு பேட்ச் ஆக்கினேன். பில்ட் முடிந்தது.

நிறுவிப் பார்த்தால், சாதாரண பயனருக்கு 'அனுமதி இல்லை'. டெப் கோப்பு ஃபைல் கேப்பபிலிட்டியைச் சுமந்து வராது; நிறுவிய பிறகுதான் கொடுக்க வேண்டும். சரி, நிறுவியதும் தானாக ஓடும் போஸ்ட்இன்ஸ்ட் ஸ்கிரிப்ட்டில் செட்கேப்பைச் சேர்த்தேன். அப்போதும், கோப்பின் கேப்பபிலிட்டியைக் காட்டும் கெட்கேப் வெறுமையாகவே வந்தது!

சிக்கல் வரிசையில் இருந்தது. செட்கேப்புக்கு அடுத்த வரியில், கோப்பின் குழுவை மாற்றும் சிஎச்ஜிஆர்பி (chgrp) கட்டளை. கோப்பின் உரிமையாளரையோ குழுவையோ மாற்றினால் லினக்ஸ் கெர்னல் கேப்பபிலிட்டியை அழித்துவிடும். பாதுகாப்புக்கு அது நல்லதுதான், ஆனால் எந்த எச்சரிக்கையும் வராது. முதலில் குழு, அப்புறம் 750 அனுமதி (உரிமையாளரும் குழுவும் மட்டுமே இயக்கலாம்), கடைசியாக செட்கேப் என்று மாற்றியதும் கருவிக்குத் தேவையான நெட்_ரா, நெட்_அட்மின் என்ற நெட்வொர்க் கேப்பபிலிட்டிகள் இரண்டும் நிலைத்தன.

செட்யூஐடி ரூட் ஆக்கினால், அதாவது யார் இயக்கினாலும் நிரல் ரூட்டாக ஓடும்படி செய்தால், இந்த வேலையெல்லாம் மிச்சம் என்பார்கள். வெளியிலிருந்து வரும் பாக்கெட்டைப் பிரித்துப் படிக்கும் நிரலுக்கு முழு ரூட் தருவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.