அரசு உதவித்தொகை: தொகையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்

வெளிநாட்டுப் படிப்புக்கு அரசு பணம் தருகிறது என்றதும் எல்லோரும் முதலில் தேடுவது, எவ்வளவு தருவார்கள் என்பதை. பதிலுக்கு என்ன கேட்கிறார்கள் என்பதைக் கடைசியில்தான் படிக்கிறார்கள். பல விண்ணப்பங்கள் கவிழ்வது அங்கேதான்.

பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். படிப்பு முடிந்ததும் சொந்த நாடு திரும்பி 2 ஆண்டுகளாவது இருக்க வேண்டும். மணிக்கணக்கு குறைந்தால் தங்கப் பதக்கம் வாங்கியவர் விண்ணப்பமும் முதல் சல்லடையிலேயே நின்றுவிடும். அமெரிக்காவின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் ஜே-1 எனும் பரிமாற்ற விசாவோடு வருவது இன்னும் இறுக்கமான கட்டு: ஊர் திரும்பி 2 ஆண்டுகள் கழியாமல் எச்-1பி எனும் வேலை விசாவோ, நிரந்தரமாகத் தங்க உதவும் கிரீன் கார்டோ கிடைக்காது. விலக்கு உண்டு என்பார்கள். அரசுப் பணத்தில் போனவருக்கு அது அரிது. அங்கேயே தங்கிவிடுவதுதான் திட்டம் என்றால் கடன் வாங்கிப் படிப்பதே நேர்மை.

அடுத்த தவறு, வேறு உதவித்தொகையில் முன்பு போனவர் செய்ததை அப்படியே செய்வது. செவனிங்கில் உதவித்தொகைக்கு ஒரு விண்ணப்பம், பல்கலைக்கழக இடத்துக்குத் தனி விண்ணப்பம். நேர்காணலில் தேறட்டும், பிறகு கல்லூரியைப் பார்க்கலாம் என்று இருந்தால் கெடுவுக்குள் நிபந்தனையற்ற அனுமதிக் கடிதம் வராது. கிடைத்த உதவித்தொகையும் கைநழுவும். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகையில், தூதரகம் வழியாகப் போகும் ஆய்வு மாணவருக்கு வரிசையே தலைகீழ்: தூதரகத்தின் முதல் கட்டத் தேர்வில் தேறிய பிறகே பல்கலைக்கழகத்தின் ஏற்புக் கடிதம் கேட்க வேண்டும்.

தொழிற்பயிற்சிப் பக்கம் பலர் திரும்பிப் பார்ப்பதே இல்லை. அதே மெக்ஸ்ட், கோசென் எனும் தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கும் இடம் தருகிறது. முதல் ஓராண்டு ஜப்பானிய மொழிக்கே போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 1964 முதல் இந்தியா நட்பு நாட்டவருக்கு நடத்தும் ஐடெக் குறுகிய காலப் பயிற்சியில் வேறொரு பள்ளம். இணையத்தில் படிவத்தை நிரப்பிவிட்டுக் காத்திருந்தால் ஒன்றும் நடக்காது. அச்செடுத்த படிவம் உங்கள் நாட்டு அரசின் உரிய துறை வழியாக இந்தியத் தூதரகத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

விண்ணப்பக் கட்டுரையில் அந்த நாட்டின் புகழ் பாடுவதும் வீட்டுக் கஷ்டத்தை விரிப்பதும் வீண். திரும்பி வந்து எந்த வேலையில், எந்தச் சிக்கலைத் தொடப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். பரிந்துரைக் கடிதத்துக்கும் உங்களை அறியாத பெரிய மனிதரைவிட, உங்கள் வேலையைத் தினமும் பார்த்தவரே மேல். பாஸ்போர்ட்டிலும் சான்றிதழிலும் பெயர் ஒத்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். செவனிங்குக்கு விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது. ‘இடம் வாங்கித் தருகிறேன்’ என்று முன்பணம் கேட்கும் முகவரிடம் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

முழுச் செலவும் அரசே ஏற்கும் என்று வெறுங்கையோடு விமானம் ஏறாதீர்கள். வாடகை முன்பணம் போய் இறங்கியதுமே கேட்பார்கள். முதல் மாதத் தொகை அதற்குள் வராமலும் போகலாம்.